தண்ணீர் மட்டும் வேண்டாம்

"எண்ணெய் பூசுங்க ஃபாதர், வெள்ளைத் துணி போர்த்துங்க, எல்லாம் செய்ங்க. தலையில தண்ணி மட்டும் ஊத்த வேண்டாம்."

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கணவன் இப்படிச் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்யாணத்தை நடத்துங்கள், பெண் மட்டும் வேண்டாம் என்பதுபோல அல்லவா இருக்கிறது!

ஞானத்தாயாக வந்திருந்த நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன்டா, புள்ளை என்ன கதவுக் கீலா, எண்ணெய் மட்டும் விட்டாப் போதும்ங்கிறே?"

"சளி பிடிச்சிரும்க்கா."

"ஃப்ளாஸ்க்குல வெந்நீர் கொண்டாந்து பதமா விளாவியிருக்கேன். கையை விட்டுப் பாரு."

அவன் கையை விடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவசரப்பட்டு எட்டாம் மாதமே பிறந்தவன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான் போலிருந்ததால் 'சுண்டு' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. அவன் தும்மினால் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். தூங்கினால் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.

இந்தத் தண்ணீர் பட்டுவிட்டால் போதும், அந்தப் பயமும் சேர்ந்தே கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பித்தான் நாள் குறிக்கச் சொல்லி நச்சரித்தாள். அவனோ "வெயிட் ஏறட்டும்", "வெயில் தாழட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய கோயில் இது. பாடல் குழுவில் ஒருத்தியாக மாடியில் நின்றுகொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்தத் தொட்டியை எட்டிப் பார்த்திருப்பாள்! தண்ணீர் பட்டதும் குழந்தை வீல் என்று கத்தும். பாட்டை விட்டுவிட்டு வரிசை மொத்தமும் குலுங்கிச் சிரிக்கும். ஆர்மோனியம் வாசிக்கும் சிஸ்டர் திரும்பி முறைப்பார். முறைத்தபடியே அவரும் சிரித்துவிடுவார். நமக்கும் ஒன்று பிறந்தால் இங்கேதான் என்று அப்போதே மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தாள்.

இவனுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது! ஞாயிறானால் கோயிலுக்குள் கால் வைக்காமல், வெளியே வண்டியில் சாய்ந்து செல்போனை நோண்டுகிற மனுஷன். கேட்டால், "எனக்கும் சேர்த்து நீயே கும்பிட்டுக்கோ" என்பான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா அது உங்களோட. எம்புள்ளைக்குக் கிடைக்கிறதை ஏங்க தடுக்கறீங்க? பொறந்ததும் அவன் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தப்பகூட நீங்க அவனுக்காக ஆண்டவரைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க!"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஃபாதர் புத்தகத்தை மூடினார்.

"தம்பி சொல்றது சரிதாம்மா. ஊத்தக் கூடாது."

"ஃபாதர், நீங்களுமா?"

"ஒருத்தருக்கு ஞானஸ்நானம் ஒரு தடவைதான். சுண்டுவுக்கு அது ஏற்கெனவே ஆயிடுச்சு."

"ஆயிடுச்சா? யார் கொடுத்தா?"

ஃபாதர் அவனைப் பார்த்தார். "சொல்லிடுங்க தம்பி. இதுக்கு மேல நானும் மறைக்க முடியாது."

அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல இருந்தே. டாக்டர் வந்து, 'இனி எங்க கையில ஒண்ணும் இல்ல, முகத்தைப் பார்க்கணும்னா இப்பவே பார்த்துக்கோங்க'ன்னாரு. ஃபாதரைக் கூப்பிட நேரமில்ல. நர்ஸ்கிட்ட கெஞ்சினேன். ஊசியைக் கழட்டிட்டு சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. அவன் நெத்தியில ஒழுக விட்டேன்."

"சும்மா வெயிட் ஏறத்தான் பெட்டியில வெச்சிருக்காங்கன்னு எங்கிட்ட சொன்னீங்களே!"

"வேற என்ன சொல்றது? மூக்குக்கிட்ட விரல் வெச்சு மூச்சு வருதான்னு பார்க்கிறவகிட்ட?"

நாத்தனார் "அடப்பாவி" என்றாள்.

"மறுநாள் வந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டாரும்மா" என்றார் ஃபாதர். "'நான் நம்பாதவன், நான் ஊத்தினா செல்லுமா'ன்னு. எதை மனசுல வெச்சு ஊத்தினீங்கன்னு கேட்டேன். 'என் பொண்டாட்டி எதை நம்புறாளோ, அதை வெச்சு'ன்னாரு. அப்ப செல்லும்னு சொல்லி அனுப்பினேன்."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"ஆனா அந்த ஜெபம்... பிதா சுதன்னு அதைச் சரியாச் சொல்லணுமே. உங்களுக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தா?"

"நீதான்."

"நானா?"

"கல்யாணமான புதுசுல. சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேணா ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு உங்க பள்ளிக்கூடத்து சிஸ்டர் பாடம் நடத்தினாங்களாம். மூக்கு உடைஞ்ச ஒரு பொம்மைக்கு ஆளாளுக்குத் தண்ணி ஊத்திப் பழகினீங்களாம். கட்டில்ல உட்கார்ந்து தலையணையைப் பொம்மையா வெச்சு, ஒரு வார்த்தை பிசகாம செஞ்சு காட்டினே. நான் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்துட்டு, 'உங்ககிட்டப் போய்ச் சொன்னேனே'ன்னு கோவிச்சுக்கிட்டு விளக்கை அணைச்சே."

அவன் மெல்ல, குழந்தையின் நெற்றியைத் தொட்டான்.

"நான் தூங்கலை."