நடுக்கடலில் ஒரு பெருக்கமரம்

“யாழ்ப்பாணத்திலை மொத்தம் அஞ்சு ஆறு ஓடுது. தெரியுமோ பிள்ளை?”

குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டுப் படகு புறப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிர் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பெரியவர் இப்படித் தொடங்கினார்.

நிவேதனா பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறாவது, குளமாவது! அவளுக்கு இந்தக் கடலே போதும்.

கரவெட்டித் தோட்டக்காரரின் மகள். நாலு வருடம் காத்திருந்து கிடைத்த ஆசிரியர் நியமனம் நெடுந்தீவுக்கு என்று வந்துவிட்டது. போன திங்கட்கிழமை இதே துறைவரை வந்தவள்தான். படகு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இன்று பன்னிரண்டு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் வேலை போய்விடும்.

படகு சரிந்தது. அவள் கண்ணை மூடினாள். அடுத்த படகில் திரும்பிவிட வேண்டியதுதான். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

“அஞ்சு ஆறு,” என்றார் பெரியவர் மறுபடி. “அந்த ஆத்துத் தண்ணியிலைதானே எங்கடை தோட்டமெல்லாம் விளையுது.”

தோட்டம் என்றதும் கண் திறந்துகொண்டது. எத்தனை விடியற்காலை அப்பா தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவள்!

“ஐயா, எங்கடை தோட்டம் கிணத்துத் தண்ணியிலை விளையுது. யாழ்ப்பாணத்திலை ஆறே இல்லை. வழுக்கியாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் மாரிக்கு மட்டும்தான் ஓடும்.”

“அப்பிடியோ? ஆனா மிளகாய் எங்கடை சொந்தச் சாமான் கண்டியளோ. இராவணன்ரை வீட்டிலையே மிளகாய்த்தூள் போட்ட கறிதான்.”

பின்னாலிருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நிவேதனாவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“மிளகாய் போர்த்துக்கேயர் கொண்டந்தது! அதுக்கு முதல் எங்கடை ஆக்கள் மிளகு போட்டுத்தான் சமைச்சவை. நீங்கள் இருக்கிறியள் பாருங்கோ, வாங்கு, அந்தச் சொல்லும் அவையள் விட்டிட்டுப் போனதுதான்.”

பெரியவர் தான் இருந்த வாங்கைக் குனிந்து பார்த்தார். “இதுவுமோ?”

“கதிரை, மேசை, அலவாங்கு எல்லாந்தான்.” போர்த்துக்கேயர் விட்டுப்போன ஒவ்வொன்றையும் அவள் விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

“சரி பிள்ளை, அதை விடுங்கோ. நெடுந்தீவிலை பெருக்கமரம் எண்டு ஒண்டு நிக்குது. அடி அண்டா மாதிரிப் பெருத்த மரம். அது பனை மாதிரி, நாடு முழுக்க மூலைக்கு மூலை நிக்கிற மரம்தானே.”

“மூலைக்கு மூலையோ!” நிவேதனா எழும்பிவிட்டாள். “ஐயா, அது ஆபிரிக்க மரம். அராபிய வியாபாரியள் கொண்டந்து நட்டது எண்டு சொல்லுவினம். இலங்கையிலையே நெடுந்தீவிலை மட்டும்தான் நிக்குது. வேறை எங்கையும் ஒரு மரக்கண்டு கூட இல்லை!”

பெரியவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

“ஓம் பிள்ளை. நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

“தெரியாட்டி வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கவேணும். உங்களை மாதிரி ஆக்கள் கதைக்கிறதைக் கேட்டுத்தான் பிள்ளையளும் பிழை பிழையாப் படிக்குதுகள். நான் ரீச்சர், எங்களுக்கெல்லோ அந்தக் கரைச்சல்!”

“செபநாயகத்தார் இண்டைக்கு ரீச்சரிட்டை நல்லா மாட்டுப்பட்டார்!” என்றாள் பின்னாலிருந்த பெண். படகே சிரித்தது. பெரியவரும் தலையைச் சொறிந்துகொண்டு சேர்ந்து சிரித்தார்.

வெட்கமில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டாள் நிவேதனா. இன்னும் இரண்டு கொடுக்கலாம் என்று வாயெடுக்க, படகு எதிலோ முட்டி நின்றது.

வெளியே எட்டிப் பார்த்தாள். நெடுந்தீவு.

பெரியவர் தன் சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார். கயிறு கட்டிக்கொண்டிருந்த படகுக்கார ஜெரிசனின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, இவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். தன்னைப் பற்றித்தான் கோள் மூட்டுகிறார், வேறென்ன?

அவள் இறங்கி இரண்டு கால்களையும் சீமெந்துத் தரையில் வைக்கும்வரை ஜெரிசன் காத்து நின்றான்.

“ரீச்சர், செபநாயகம் அண்ணை ஒண்டு சொல்லச் சொன்னவர். கரையிலை கால் வைச்சாப் பிறகுதான் சொல்லவேணும் எண்டவர்.”

“என்னவாம்?”

“பெருக்கமரம் மன்னாரிலையும் நிக்குதாம். வகுப்பிலை சொல்லேக்கை அதையும் சேர்த்துச் சொல்லட்டாம்.”

“அவருக்கு என்ன தெரியும்? அஞ்சு ஆறு ஓடுது எண்டவர்!”

ஜெரிசன் சிரித்தான். “உங்களுக்கு மூண்டு பிழையோட முடிஞ்சுது. போன கிழமை வந்த நேர்ஸ் பிள்ளைக்கு ஏழு தேவைப்பட்டது. சரியாச் சொன்னா கடலுக்குப் பயந்த ஆக்கள் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, திரும்பக் கடலைப் பாத்து நடுங்குவினமாம். பிழையாச் சொன்னாத்தானாம் சண்டைக்கு வருவினம். போன திங்கள் நீங்கள் துறையிலை நிண்டு திரும்பிப் போனதையும் கண்டவர், ரீச்சர்.”

நிவேதனா பெரியவர் போன வழியைத் திரும்பிப் பார்த்தாள். “மன்னார்க் கதை?”

“அவர் பிறந்தது மன்னாரிலை, பள்ளிமுனையிலை. அந்தப் பெருக்கமரத்தடியிலைதான் ஓடித் திரிஞ்சு வளர்ந்தவர். இங்கை கலியாணம் முடிச்சு வந்து கடை வைச்சிருக்கிறார்.”

“அப்ப நான் பிழையாச் சொல்லேக்கை ஏன் பேசாமல் இருந்தவர்? எல்லாரும் அவரைப் பாத்துச் சிரிச்சவையே!”

“அந்த நேரந்தான் பெரிய அலை வந்தது, ரீச்சர். நீங்கள் கம்பியையும் விட்டிட்டு, எழும்பி நிண்டு, அவருக்கு விரலைக் காட்டிப் பேசிக்கொண்டு நிண்டனீங்கள்.”