நாக்பூர் தாண்டாத லாரி

"ஏம்டே அனந்து, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு உண்டா இல்லியா? செத்தவன் லாரிய நாக்பூர்ல நிக்குன்னு அவன் பொண்டாட்டிக்கே காட்டுத. அந்தப் பிளாப்பிய இன்னைக்கே அழிச்சுப்போடு!"

மானேஜர் கத்திவிட்டு வெற்றிலை துப்பப் போனார். அனந்தநாராயணன் பிளாப்பியை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினான்.

தென்காசி லாரி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எந்த வண்டி எந்த ஊரைத் தாண்டியது என்பதெல்லாம் மெட்ராஸில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். இங்கே இருப்பது போன் லைனில் அதைக் கேட்டுச் சொல்லும் பெட்டி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், லைன் படுத்துவிடும்.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு வேலை ஓடவேண்டாமா? மெட்ராஸ் ஒருநாள் சொன்ன பதில்களை அப்படியே ஒரு பிளாப்பித் தகட்டில் பதிந்துகொண்டான் அனந்து. லைன் இல்லாத நேரம் அதை ஓடவிட்டால், மெட்ராஸே பேசுவதுபோல் பெட்டி பதில் சொல்லும். அதை வைத்துத் தன் புரோகிராமைச் சோதிப்பான். எப்போது கேட்டாலும் அந்த ஒருநாள் பதில்தான் வரும்.

அன்றைக்கு டிரைவர் சொரிமுத்து உயிரோடு நாக்பூரில் இருந்தான்.

மறுநாளே லாரி பாலத்தை உடைத்துக்கொண்டு கோதாவரி வெள்ளத்தில் விழுந்தது. அவன் உடம்பும் கிடைக்கவில்லை, கூடப் போன கிளீனர் உடம்பும் கிடைக்கவில்லை. சேதி சொல்லப் போனபோது அவன் அம்மா பிச்சம்மாள் மட்டும்தான் வீட்டில் இருந்தாள். பாவி மனுஷி, அழக்கூட இல்லை. அனந்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எய்யா, மருமவ நெறமாசமா இருக்கா. நல்லபடியா பிள்ளயப் பெறட்டும். அதுவரைக்கும் அவ காதுல விழ வேண்டாம்யா."

அன்றிலிருந்து இந்தப் பாவத்தைச் சுமக்கிறான்.

மானேஜர் கத்திய அன்றே சாயங்காலம் குத்துக்கல்வலசையிலிருந்து மாமியாரும் மருமகளும் நனைந்துகொண்டே வந்துவிட்டார்கள். மருமகள் சந்தனமாரிக்குத் தலை நிறையப் பூ. மூச்சு வாங்கப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சார், வண்டி எங்கன வருது?"

சொல்லித் தொலைத்துவிடலாமா என்று நினைத்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். டிராயரைத் திறந்து பிளாப்பியை எடுத்துச் செருகினான்.

"நாக்பூர்லதாம்மா நிக்குது. எஞ்சின் வேலை இன்னும் முடியல."

"பாத்தியாட்டி! நான் சொன்னேம்லா?" என்று சிரித்தாள் பிச்சம்மாள். பெற்ற வயிறு எப்படித்தான் சிரிக்குதோ! அனந்துவுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"ஆமா அத்த," என்று மருமகளும் சிரித்தாள்.

பிச்சம்மாள் ரிக்‌ஷா கூப்பிட வாசலுக்குப் போனாள். சந்தனமாரி மெல்ல எழுந்து மேஜையருகே வந்தாள்.

"சார், கிளீனர் பேச்சிமுத்து நீந்திப் பொழச்சு வந்துட்டான். வந்த அன்னைக்கே எங்கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிட்டான்."

வாசலில் ரிக்‌ஷாக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த பிச்சம்மாளை அனந்து திரும்பிப் பார்த்தான்.

"இந்தப் பூவ வைக்கும்போதெல்லாம் நெஞ்சு வேகுது சார். என்ன செய்ய? அத்தைக்கு அவுக ஒத்தப் பிள்ள. தெரிஞ்சா அந்த நிமிசமே உயிர விட்டுருவா. அவ கண்ண மூடுத வரைக்கும் இதையே காட்டுங்க சார்."