பதினோராவது பிரிவு

"ஓட்டுக் கேட்டு வந்தாத்தானே பயம் இருக்கும்? ராஜ்யசபா எம்.பி.க்கு ஏது பயம்!"

நீடாமங்கலத்தில் பெரியநாயகசாமி வீட்டு வாசலில் ரோஸ்லின் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

கோபத்தில் நியாயம் இருந்தது. வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றும் ஏஜென்ட்டுக்குச் சிறை, மாட்டிக்கொண்ட ஆளை அவனே தன் செலவில் ஊர் சேர்க்க வேண்டும் என்று ஒரு மசோதா. மக்களவையில் ஒரே மத்தியானத்தில் நிறைவேறிவிட்டது. மாநிலங்களவைக்கு வந்ததும் இந்த மனுஷன் எழுந்து, "தேர்வுக் குழுவுக்கு அனுப்பி அலசணும்" என்றார். அவையும் தலையாட்டிவிட்டது. இனி ஆறு மாதம் இழுக்கும். நம்மூர்க்காரரே குறுக்கே விழுந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"உள்ள வந்து பேசும்மா" என்றார் பெரியநாயகசாமி.

"பக்கத்து வீட்டு ராஜாத்தியோட புருஷன் மூணு வருஷமா குவைத்துல மாட்டிக்கிட்டிருக்காரு. பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சிக்கிட்டாங்க. நீங்க ஏசி ரூம்ல உக்காந்து அலசுங்க! அவளும் கூட வரமாட்டேன்னுட்டா, வாயில்லாப் பூச்சி. அதான் நானே வந்தேன்."

"உங்க வீட்டுல யாரும்மா வெளிநாட்டுல?"

"எங்க வீட்டுக்காரரு லியோ, துபாய்ல. கிறிஸ்துமஸுக்கு வர்றாரு. அடுத்து என் தம்பி கிளமென்ட்டுக்கும் அவருதான் விசா எடுத்து அனுப்பப் போறாரு. ஒத்தப் பைசா வாங்காம எங்க தெருவுல ஒம்பது பேரைக் கூப்பிட்டுக்கிட்டாரு!"

பெருமையாகவே சொன்னாள். அவர் மசோதாவை எடுத்து, பதினோராவது பிரிவைத் தமிழில் சொன்னார்.

"உரிமம் இல்லாமல் பிறருக்கு வெளிநாட்டு வேலைக்கு விசா ஏற்பாடு செய்பவர் எவரானாலும், ஏழாண்டுச் சிறை."

"அவரு ஏஜென்ட் இல்லீங்களே... சொந்தக்காரங்க, தெருக்காரங்கன்னுதானே..."

"அப்படி ஒரு விலக்கே இதுல இல்லம்மா. சட்டம் வந்தப்புறம் கிளமென்ட்டுக்கு விசா அனுப்பியிருந்தா, கிறிஸ்துமஸுக்கு வர்ற உங்க வீட்டுக்காரரை ஏர்போர்ட்டுலயே பிடிச்சிருப்பாங்க. அந்த விலக்கைச் சேர்க்கத்தான் குழு."

ரோஸ்லின் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்நூறு பேர் உட்கார்ந்து நிறைவேற்றினார்களே, ஒருத்தர்கூடவா இதைப் பார்க்கவில்லை?

"நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சுங்க."

"எங்க பட்டுச்சு? நானும் ஆமாம் போடத்தான் இருந்தேன். மசோதாவுல என்ன இருக்குன்னு கேட்டு ஒரு பொண்ணு வந்துச்சு. படிச்சுச் சொன்னேன். இந்தப் பிரிவு வந்ததும் நிறுத்தச் சொல்லி, 'இது அப்படியே வந்தா லியோ அண்ணன் மாட்டிக்குவாருங்க, சரி பண்ணிட்டுக் கொண்டாங்க'ன்னுச்சு. உன் புருஷன் வர்றதும் தள்ளிப்போகுமேம்மான்னேன்."

"யாருங்க அது?"

"'மூணு வருஷம் இருந்துட்டேன், இன்னும் ஆறு மாசம் இருந்துக்கிறேன்'னு சொல்லிட்டுப் போனா, ராஜாத்தி."