ஏழாம் நம்பர் செருப்பு

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பரிசுக் கடை இயந்திரத்திடம் கட்டில் எண்ணைச் சொன்னால் போதும். நோயாளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அதற்குத் தெரியும். அதற்குத் தக்க பொருளைத்தான் விற்கும். எதுவும் வீணாகக் கூடாதாம். இயந்திரத்தின் நெற்றியில் ‘அக்கறை’ என்று வேறு எழுதியிருந்தார்கள்.

உள்ளே கட்டிலில் கிடந்த பதினாலு வயது இசக்கிக்கு அத்தை கொண்டுவந்த பேஸ்ட் விரல் நீளம்தான் இருந்தது. பெரியப்பா தந்த கதைப்புத்தகம் இருபதே பக்கம். அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சுளிக்காமல் இருவருக்கும் நன்றி சொன்னாள்.

கல்குவாரியில் பாறை உடைக்கும் அவள் அப்பா சுடலைமுத்து இயந்திரத்திடம் ஏழாம் நம்பர் செருப்பு கேட்டார்.

“நோயாளியின் அளவு ஆறு. அவருக்கு இனிச் செருப்பு தேவைப்படாது. வாசனை மெழுகுவத்தி தரட்டுமா?”

“அத நீயே கொளுத்திக்கோ” என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பிளாட்பாரக் கடைக்குப் போனார்.

இசக்கி கட்டிலில் உட்கார்ந்தபடி செருப்பைப் போட்டுப் பார்த்தாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இடம் கிடந்தது.

“ஏம்ப்பா, எத்தன தடவ சொல்லுறது? வருசா வருசம் பெருசாவே வாங்கிட்டு வாரியே!”

“வளர்ற புள்ளைக்குப் பெருசாத்தாம்ளா வாங்கணும். ஆறு மாசத்துல சரியாப் போயிரும்.”

“நடந்தா டப்பு டப்புன்னு அடிக்கும். பள்ளிக்கூடத்துல சிரிப்பாளுவ.”

“சிரிச்சா சிரிக்கட்டும்.”

“போ, மாத்திட்டு வா!”

தலையணையைத் தூக்கி அவர் மேல் எறிந்தாள். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

“ஒண்ணுமில்ல தாயி” என்றார் சுடலைமுத்து, முகமெல்லாம் பல்லாக. “எம் மவ சண்ட போடுதா.”