பழைய ஊர் ஆள் பார்த்தால்

“இன்னிக்கு வர்ற வியாபாரி எந்த ஊர்னு சொன்னே?” மூன்றாவது முறையாகக் கேட்டான் அயிண்டே.

“இக்காரே. நீங்க முன்னாடி இருந்த ஊருதான். கடையில நம்ம கல்யாணப் போட்டோவைப் பார்த்ததும் வீட்டுக்கே வர்றேன்னாரு,” என்றாள் மனைவி அஷாபி.

இடித்த கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்தான், ஜன்னலைப் பார்த்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

அடுப்படியில் பக்கத்து வீட்டு சிஃபாவு அஷாபியிடம் கிசுகிசுத்தாள். “செத்தவங்க வேற ஊருக்குப் போய்க் குடும்பம் நடத்துவாங்கக்கா. பழைய ஊர் ஆளு கண்ணுல பட்டா மாயமாயிடுவாங்க. உன் புருஷன் ஒரு தடவையாவது உன்னை இக்காரேக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரா?”

கதவு தட்டப்பட்டது. அஷாபி கூடத்துக்கு ஓடினாள். தட்டில் கிழங்கு இன்னும் சூடாக இருந்தது. அயிண்டே இல்லை.

“ஐயோ, மாயமாயிட்டாரே!” சிஃபாவு அலறினாள்.

அஷாபி கதவைத் திறந்தாள். “அண்ணே, அவரை உங்க ஊர்லதான் புதைச்சீங்களா?”

“புதைக்கலைம்மா. அதுக்கு முன்னாடி அவன் இருந்த ஓண்டோவிலேர்ந்து ஒருத்தர் வந்தப்ப எங்க ஊர்லயும் இப்படித்தான் மாயமானான். பேயைக் கட்டிக்கிட்டேன்னு என் தங்கச்சி நாலு வருஷமா அழுதா.” வியாபாரி நிதானமாக உட்கார்ந்தார். “இந்தத் தடவை அவளைப் பின்வாசல்ல நிறுத்திட்டுத்தான் வந்தேன்.”

கொல்லைப்புறத்திலிருந்து அயிண்டேயின் அலறல் கேட்டது.

அஷாபி கிழங்கு இடித்த உலக்கையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள்.