வயருக்கு ஒரு பெயர்

இஸ்திரிப் பெட்டியின் வயர் இரண்டாம் முறை முதுகில் இறங்கியபோது அவள் அலமாரியைப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால் பழைய கைபேசி. சிவப்புப் புள்ளி எரிந்தது. பதிவாகிறது.

வெளியே காது கொடுத்தாள்.

எதிர் வீட்டில் ஃபோன் ஒலிக்கவில்லை. மாடியிலும் இல்லை.

மூன்றாம் முறை புருவத்தில் விழுந்தது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். சரவணம்பட்டியில், எங்கள் குடியிருப்பில், சுவருக்கு அந்தச் சிரமத்தை நாங்கள் வைப்பதில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் டிவி சத்தத்தைக் கூட்டுவோம்.

"மிக்ஸி மூடி தெறிச்சிருக்குமுங்க," என்றார் எதிர் வீட்டு வாசுகியக்கா, கதவை ஒருக்களித்தபடி.

மிக்ஸி மூடி 'அம்மா' என்று கத்தாது. அதை யாரும் சொல்லவில்லை.

நான்கு தையல். பாத்ரூமில் வழுக்கிவிட்டாளாம். கேட்காத வீட்டுக்கும் அவள் புருஷனே போய்ச் சொன்னான். பாவம், டைல்ஸ் போட்டவனையும் சேர்த்துத் திட்டினான்.

மறுநாள் அவளுக்கு விடுப்பு. திறந்திருந்த ஒரு கண்ணால் தன் ப்ரோகிராமைப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியது. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, அடிக்கும் சத்தத்தைப் பதிவது. இன்னொன்று, பதிந்ததைக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவது.

எந்தச் சத்தம் கேட்டால் ப்ரோகிராம் குறுக்கே புக வேண்டும்? அவள் தொழிலில் அந்த வரையறைக்கு பாயின்ட்கட் என்று பெயர். அதை இரண்டு வேலைக்குள்ளும் தனித்தனியாக எழுதியிருந்தாள்.

கை. தட்டு. பெல்ட்.

வயர் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்தது. பதிவதில் சேர்த்தாள்.

அனுப்புவதில் சேர்க்க மறந்துவிட்டாள்.

ஆபீசில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஓரிடத்தில் எழுது, பெயர் வை, வேண்டியவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். இதை அவள் சொல்லாத மீட்டிங் கிடையாது.

புதிதாக ஒரு ஃபைல் திறந்தாள். எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்தாள்.

கை.

தட்டு.

பெல்ட்.

வயர்.

ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்யும்போது அது விழுந்த இடம் வலித்தது.

நான்கையும் ஒரே பெயரில் கட்டினாள். அவனுடைய பெயர். இரண்டு வேலையும் இனி அந்தப் பெயரைத்தான் கேட்கும்.

மூடப் போனவள் நின்றாள்.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாள். அடித்த மறுநாள் அவன் வாயில் தவறாமல் வருவது.

சாயங்காலம் மல்லிகைப் பூவோடு வந்தான். மண்டியிட்டான். அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புதான் அம்மிணி. வயர்ல அடிச்சிருக்கக் கூடாது. சத்தியமா இனிமே உன்மேல கை வெக்க மாட்டேன்."

எதிர் வீட்டில் ஒரு ஃபோன் ஒலித்தது.

மாடியில் ஒன்று. கீழே இரண்டு. பிறகு எல்லா வீட்டிலும்.

கடைசியாக, அவன் சட்டைப்பையில்.

வந்ததைத் தொட்டுக் கேட்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நடைபாதை முழுக்க அவன் குரல். வீட்டுக்கு வீடு ஒரு நொடி முன்னே பின்னே.

வயர்ல அடிச்சிருக்கக் கூடாது.

வயர்ல அடிச்சிருக்கக் கூடாது.

வாசுகியக்கா வீட்டில் டிவி நின்றது.

அவன் எழுந்தான். பூப்பொட்டலம் காலடியில் நசுங்கியது. அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து மறுகையை ஓங்கினான்.

பட்டியலில் முதல் வரி.

கை இறங்கியது.

எல்லா ஃபோனும் மறுபடி ஒலித்தன.

அவள் அலமாரியைப் பார்க்கவில்லை.

கதவைப் பார்த்தாள்.