திரும்பி வரும் வெளிச்சம்

கட்டியை எரிக்கும் அந்த லேசர் கருவிக்கு, திரும்பும் வெளிச்சத்தைப் பார்த்தறியும் ஒரு கண் செய்து வைத்துக் கொடுத்த இன்ஜினியர் தமயந்திதான். தசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரு மாதிரி இருக்கும், நரம்பில் பட்டுத் திரும்புவது வேறு மாதிரி. நரம்பின் வெளிச்சம் வந்தவுடன் கருவி ‘டக்’ என்று தானே அணைந்துவிடும். கறிக்கடை ஆட்டுத்தலைகளை வைத்து அதைப் பழக்கிய நாளெல்லாம் டாக்டர் இக்னேஷியஸ் கூடவே இருந்தார். அதனால் தன் காதோரம் கட்டி வந்தபோது அவரிடமே வந்து படுத்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். நினைவு இருந்தது. கருகும் வாடை வந்தது. கட்டி, முகத்தை அசைக்கும் நரம்பை ஒட்டியிருப்பதை ஸ்கேனில் பார்த்திருந்தவள், அந்த ‘டக்’குக்காகக் காத்திருந்தாள்.

“டாக்டர், அது நிக்கவே இல்லையே.”

“எல்லாம் நல்லாத்தான் போகுது. பேசாதீங்க தமயந்தி.”

முடிந்ததும் முகத்துத் துணியை விலக்கினார்கள். பக்கத்தில் கருவி நின்றது. அவள் வைத்த கண்ணின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி. ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது, இன்றைக்கு ஒட்டியதல்ல.

அவள் பார்ப்பதை நர்ஸ் கவனித்தாள். “சும்மா சும்மா நின்னுடுது மேடம். சார் எப்பவுமே மூடிடுவார்.”

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

“எங்க, சிரிங்க பார்ப்போம்.”

சிரிக்கும்படி ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. முழு முகத்தாலும் சிரித்தாள்.

அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“ம், இந்தப் பக்கமும்” என்றார்.